வலது மார்பில் ஒரு மச்சம்

1

அடி அண்ணாமலையில் ஏழுமலையின் வீட்டை விட்டு வெளியே வந்து, கிரிவலப் பாதையில் செங்கம் சாலைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோக்கள் பக்கத்தில் வந்து மெதுவாகி, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனாலும் சுற்றுகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லோரும் எனக்கு எதிரே வந்தார்கள். மலை அவர்களுக்கு வலது கைப்பக்கம், எனக்கு இடது கைப்பக்கம்.

ஒரு அம்மாள் நின்று, நான் தப்பாகச் சுற்றுகிறேன், அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றார்.

"நான் சுத்தலம்மா. போறேன்" என்றேன்.

குரல் கடுமையாக வந்துவிட்டது. அவர்மேல் எனக்கென்ன கோபம்? கோபம் வேறு இடத்தில் இருந்தது, வழியில் வந்தவர்மேல் விழுந்தது.

ஏழுமலை என் கூட்டாளி. ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒன்பதாம் வகுப்போடு ஒரே நாளில் படிப்பை விட்டவர்கள். போர்வெல் லாரியில் ராஜஸ்தான்வரை போனோம், பெங்களூரில் கிரானைட் பாலிஷ் போட்டோம், கடைசியில் வளைகுடாவில் பதினோரு வருடம் ஒரே கேம்ப் அறையில் படுத்தோம். அங்கே வெள்ளத்தில் அவன் செத்துப்போனான். அவன்தான் என்று சொல்லி வேறொருவரின் உடலை அந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அப்படி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். கையெழுத்துப் போட்டது நான்.

இரண்டரை மாதம் கழித்து விடுமுறையில் வந்தபோது அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். அவன் மனைவி சந்திரா நூறு நாள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மார்பில் மச்சம் இருந்ததா இல்லையா என்று நான் கவனித்ததில்லை, அதனால்தான் என்று இழுத்தேன்.

"நான் கவனிச்சிருப்பேன்ல?" என்றாள். "பதினேழு வருஷமா எனக்குத் தெரிஞ்ச ஒடம்புண்ணா அது. வருஷத்துக்கு ஒரு மாசம்தான் பாத்தேன். ஆனா பாத்தேன். ஒரு போன் போட்டு, 'சந்திரா, அவன் மார்ல மச்சம் இருக்குதா'னு ஒரு வார்த்த. கேக்கணும்னு உங்க ஒருத்தருக்கும் தோணலையா?"

தோன்றவில்லை. உண்மை அவ்வளவுதான்.

"மொதப் பெட்டி வந்தப்ப தாலிய கழட்டிட்டேன். எவரோ ஒரு மனுஷனுக்காக. ரெண்டாவது பெட்டியில அவரு வந்தாரு. கழட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல. சும்மா நின்னேன்."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "கலாஸ்மா" என்று வந்தது. அங்கே வேலை முடிந்தால், சிமெண்ட் தீர்ந்தால், ஆள் செத்தால், எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல். முடிந்தது என்று அர்த்தம். அவளுக்குப் புரியவில்லை. புரியாததே நல்லது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

2

இதை எழுதுவது கேம்ப் அறையில், மேல்கட்டிலில் உட்கார்ந்து. நாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்னும் இங்கேதான் சோறு. இன்று ஏழுமலைக்கு வருடத் திதி. காலையில் போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புது ஆள் வந்து சேர்ந்தான். கம்பெனி கொடுத்த பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தவன், உடல் அடையாளம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, என்ன எழுதுவது என்று கேட்டான். கீழ்க்கட்டிலில் படுத்திருந்தவன் சொன்னான்: "ஏதாச்சும் எழுதுடா, காலியா விடாத."

நான் கத்திவிட்டேன். புது ஆள் பயந்துபோனான். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இங்கே மழை வருடத்தில் இரண்டு முறையோ மூன்று முறையோ. பெய்தால், காய்ந்து கிடக்கும் ஓடை அரை மணியில் ஆறாகிவிடும். கம்பெனி பிக்கப்பில் டீசல் கேன் ஏற்றிக்கொண்டு போன ஏழுமலையும் இன்னொருவரும் அப்படித்தான் போனார்கள். இன்னொருவர் தெலுங்கானாக்காரர், எங்கள் கேம்ப் இல்லை, முகம்கூட எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் இரண்டு உடல்களும் கிடைத்தன. முகம் முகமாக இல்லை. விரல் தோல் கையுறைபோல் கழன்றுவிட்டதால் ரேகை எடுக்க முடியவில்லை. உயரம் ஏறக்குறைய ஒன்று. இரண்டு பேர் உடம்பிலும் கம்பெனி பேண்ட்.

என்னைக் கூட்டிப்போன கம்பெனி ஆள் மலையாளி. கையில் ஏழுமலையின் ஃபைல். பாஸ்போர்ட் எடுக்கக் கொடுத்த காகிதங்களின் நகல்கள். அதில் எங்கள் பள்ளிக்கூடத்து டி.சி.யும் இருந்தது. அங்க அடையாளங்கள்: ஒன்று, வலது மார்பில் ஒரு மச்சம். இரண்டு, இடது முழங்காலில் ஒரு தழும்பு. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஏஜெண்ட் அதைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்.

முழங்கால் தழும்பு இரண்டு உடலிலும் இருந்தது. முழங்காலில் தழும்பு இல்லாத கூலிக்காரன் எவன்? மச்சம் ஒன்றில்தான் இருந்தது. வலது மார்பில், மிளகு அளவில், கறுப்பாக.

"இதுதானே?" என்றார்கள்.

பதினோரு வருடம் அவனோடு ஒரே சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் மொண்டு குளித்தவன் நான். அந்த மார்பை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். மச்சம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் காகிதத்தில் இருக்கிறதே, பள்ளிக்கூடத்து முத்திரை இருக்கிறதே, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நன்றாகப் படித்தவனாக இருந்தால் அந்தக் காகிதத்தைச் சந்தேகப்பட்டிருப்பான். ஒன்றும் படிக்காதவன் தன் கண்ணை நம்பியிருப்பான். ஒன்பதாம் வகுப்புவரை போனவன் முத்திரையைப் பார்த்தால் கும்பிடுவான். "யெஸ்" என்றேன். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தெலுங்கானாக்காரரின் அண்ணன் துபாயிலிருந்து வந்து, குளிர்பெட்டியில் மீதி இருப்பது என் தம்பி இல்லை, அவனுக்கு மார்பில் மச்சம் உண்டு என்றார். அதற்குள் அவருடைய தம்பியை அடி அண்ணாமலைச் சுடுகாட்டில் எரித்துக் காரியமும் முடித்திருந்தார்கள்.

3

விடுமுறையில் வீடு போய்ச் சேர்ந்த அன்றே டிரங்குப் பெட்டியைத் திறந்து என் டி.சி.யைத் தேடி எடுத்தேன். இருபத்தேழு வருடப் பழைய காகிதம். அதே கையெழுத்து. வலது மார்பில் ஒரு மச்சம். இடது முழங்காலில் ஒரு தழும்பு.

எனக்கு வலது மார்பில் மச்சம் கிடையாது. சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். முடி இருந்தது. நரைத்த முடி.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. படிப்பை விட்டவர்கள் ஒரு கும்பலாக டி.சி. வாங்கப் போயிருந்தோம். எழுத்தர் மேசையில் இருந்தார், நாங்கள் வெயிலில் வரிசையில் நின்றோம். பேர் கேட்டார், அப்பா பேர் கேட்டார், சாதி கேட்டார். மச்சம் கேட்கவில்லை. எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதல் காகிதத்தில் ஒன்று எழுதினார், மற்றவர்களுக்கும் அதையே எழுதிக்கொண்டு போனார். அவ்வளவு பேரும் இன்றுவரை வலது மார்பில் மச்சத்தோடு உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பழைய எழுத்தர் காலமாகிவிட்டார். இப்போது இருப்பவர் நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். அப்போதெல்லாம் அப்படித்தான், அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, ஆடிட்டில் கேட்பார்கள் என்றார். திருத்தித் தர முடியுமா என்றேன். பதிவேடு அப்படி இருக்கும்போது நான் எப்படி மாற்ற முடியும், அதுதானே ஆதாரம் என்றார்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவன் ஒருவன் இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"அடையாளம் தப்புனு நீங்களே எழுதிக் குடுத்தீங்கனா, அப்போ இத்தினி வருஷம் இந்த பாஸ்போர்ட்ல போய்வந்தது யாருனு கேப்பான். மச்சம் இல்லைனு எந்த டாக்டர் சர்ட்டிபிகேட் குடுப்பான்? பேசாம அங்க ஒரு பொட்டு பச்ச குத்திக்கங்க. பேப்பர் தானா சரியாயிடும்."

கேட்டதும் சிரிப்பு வந்தது. இரண்டு நாள் கழித்து அதுதான் சரி என்று பட்டது. நான் திரும்பிப் போக வேண்டும். அங்கே நான் செத்தால் என் ஃபைலைத்தான் பிரிப்பார்கள். மச்சம் இல்லாத என்னைக் குளிர்பெட்டியில் விட்டுவிட்டு, மச்சம் இருக்கிற எவரையோ என் மகளிடம் அனுப்புவார்கள்.

என் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மஞ்சள் காமாலை. டிக்கெட் கிடைத்து நான் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். மிச்சம் இருப்பது மகள் சுகன்யா மட்டும். என் அக்கா வீட்டில் இருந்து நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வாரம் ஒரு முறை வீடியோவில் நாலு நிமிடம் பேசுவாள். அதில் இரண்டு நிமிடம் சிக்னல் இல்லை என்பதில் போய்விடும். நான் ஊருக்கு வந்தால் எழுந்து நிற்கிறாள், வாங்க சாப்பிடுங்க என்கிறாள், விருந்தாளிக்குப் போடுவதுபோல் தட்டில் இரண்டாவது முறை வைக்கிறாள். வளர்த்தது நான் இல்லை. குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

4

ரமணாசிரமத்துக்கு எதிரே உள்ள சந்துகளில் ஒன்றில் பச்சை குத்தும் கடை. சந்திராவின் வீட்டிலிருந்து நடந்து அங்கேதான் போனேன். கடைக்காரன் தினேஷ், நம் ஊர்ப் பையன்தான், முப்பது வயதிருக்கும். கொண்டை போட்டிருந்தான். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு வாக்குவாதத்தில் இருந்தான். அவளுக்குக் கணுக்காலில் மலையின் கோடு வேண்டும். அவன் முடியாது என்றான். இடுப்புக்குக் கீழே மலையைப் போட மாட்டானாம். எங்களுக்கு மலைதான் சாமி, சாமியைக் காலில் போட முடியாது என்று இங்கிலீஷில் பொறுமையாக விளக்கினான். அவள் யோசித்துவிட்டுத் தோளைக் காட்டினாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அழகாக இருக்கும் என்பதற்காக ஒருத்தி தன் உடம்பில் இடம் தேடுகிறாள். அப்படித் தேடவும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

என் முறை வந்தது. சட்டையைக் கழற்றி, வலது மார்பைக் காட்டி, மிளகு அளவில் ஒரு மச்சம் போட வேண்டும் என்றேன்.

"மச்சமாண்ணா? அத எடுக்கறதுக்குத்தான் எல்லாரும் டாக்டர்கிட்ட போவாங்க" என்றான் தினேஷ். "சரி, குந்துங்க."

மெஷினை எடுத்தான். ஊசியின் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன். வலிக்குப் பயந்து இல்லை. அந்த எழுத்தர் மேசையில் உட்கார்ந்து ஒரு பொய்யை எழுதினார். அதை நம்பி நான் என் நண்பனை மாற்றி அனுப்பினேன். இப்போது நானே என் தோலில் அந்தப் பொய்யை ரத்தம் வர எழுதிக்கொள்ளப் போகிறேன். அந்த ஆள் செத்த பிறகும் அவருக்கு நான் வேலை செய்ய வேண்டுமா?

அப்படியானால் எங்கே, என்ன என்று தினேஷ் கேட்டான். கை என்றால் ஃபோர்மேன் பார்ப்பான், பச்சை குத்துவது தங்கள் மதத்தில் பாவம் என்று தினமும் பாடம் நடத்துவான். தவிர, தண்ணீரில் ஊறினால் கைத்தோல் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். கால் என்றால் நான் செய்கிற வேலையில் இரும்பு விழுந்து நசுங்கலாம். முதுகு என்றால் யார் புரட்டிப் பார்ப்பார்கள்? உயிரோடு இருக்கும்வரை எவனும் பார்க்கக் கூடாது, செத்த பிறகு எவனும் பார்க்காமல் விடக் கூடாது. அப்படி ஒரு இடம் உடம்பில் எங்கே இருக்கிறது?

"எல்லாரும் தெரியற எடமா கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான்ணா இப்படி கேக்கறீங்க" என்றான்.

சுகன்யாவுக்கு போன் செய்தேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் செத்தவர்களைத் துடைக்கும்போது எந்த இடத்தைக் கட்டாயம் பார்ப்பீர்கள் என்று கேட்டேன்.

"எங்க இருக்கீங்க?" என்றாள்.

5

இருபது நிமிடத்தில் ஸ்கூட்டியில் வந்தாள். யூனிஃபார்மில், தலையில் வலை போட்டபடி. உள்ளே வந்ததும் அப்பனைச் சட்டையில்லாமல் பார்த்துக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டதை மட்டும் அவளிடம் அதுவரை சொன்னதில்லை. அதையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பைக்குள்ளிருந்து ஒரு பேனாவை எடுத்தாள்.

"எடது கைய தூக்குங்க."

தூக்கினேன். அக்குளுக்கு நாலு விரல் கீழே, விலா எலும்பின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். "இங்க. கை ஒட்டிக்கிட்டே இருக்கற எடம், சீக்கிரத்துல கெடாது. நீங்க வேல செய்யறப்ப பனியனுக்குள்ள போயிடும். குளிப்பாட்டறவங்க கைய தூக்காம குளிப்பாட்ட முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. இரவுக்குத் தோசையா சப்பாத்தியா என்று கேட்கிற மாதிரி என் சாவைப் பேசினாள். கடைசியாக இவள் என்னைத் தொட்டது எட்டு வயதில், ஏர்போர்ட் வாசலில், என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றபோது. இப்போது கிளவுஸ் போடாத குறையாகத் தொடுகிறாள்.

"ரிப்ஸ்னா பெயின் ஜாஸ்தி இருக்கும்கா" என்றான் தினேஷ் அவளிடம். என்னைக் கேட்கவில்லை.

"தாங்குவாரு" என்றாள்.

என்ன எழுதுவது என்று பேச்சு வந்தது. உன் பேரைப் போடட்டுமா என்று கேட்டேன். இல்லாவிட்டால் அப்பா என்று போடலாமே என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்பானு போட்டா யாரோட அப்பானு கேப்பான். என் பேர போட்டா நீங்கதான் சுகன்யானு எழுதிக்குவான். உங்க பேரு, ஊரு, இன்ஷியல். அவ்ளோதான்."

தினேஷ் எழுத்து மாதிரிகள் உள்ள புத்தகத்தை நீட்டினான். அவள் வாங்கவில்லை. குனிந்து என் விலாவில் தானே எழுதினாள். மணிவேல், இன்ஷியலோடு. கீழே திருவண்ணாமலை. முதலில் தமிழில், அடியில் அதையே இங்கிலீஷிலும். பேனா கூசியது, நெளிந்தேன்.

"ஆடாதீங்க" என்றாள். பிறகு, நிமிராமலே, "என் கையெழுத்து எனக்குத் தெரியும்ல. வேற எவன் பேர எவன் எழுதி அனுப்பினாலும் நான் கண்டுபுடிச்சிடுவேன். நீங்க கையெழுத்து போட்ட மாதிரி நான் போட மாட்டேன்" என்றாள்.

அதுதான் திட்டு. நான் எதிர்பார்த்தது வந்துவிட்டது.

தினேஷ் அவள் எழுத்தின் மேலேயே ஊசியை ஓட்டினான். விலா எலும்பில் ஊசி இறங்கும்போது பல்லெல்லாம் அதிர்ந்தது. முனகவில்லை. எதிரே சுவரில் மலையின் படம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே அந்த எழுத்தரையும், அந்த ஃபைலையும், "யெஸ்" என்று சொன்ன என் வாயையும் வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அவள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். மூன்று முறை எடுத்தாள். முதல் இரண்டும் ஆடிப்போயிருந்தன.

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தேன். இடது கையை உடம்போடு ஒட்ட முடியவில்லை. இறக்கையை விரித்த கோழிபோல் இருந்திருப்பேன். அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோது அவள் கேட்டாள்:

"கேம்ப்ல மத்தவங்களுக்கு?"

"இன்னா?"

"அவங்க பேப்பர்லயும் இப்படித்தான இருக்கும்?"

6

எங்கள் கேம்பில் நம் மாவட்டத்து ஆட்கள் பத்தொன்பது பேர். ஒவ்வொருவனுக்கும் போன் செய்து கேட்டேன். பாதிப் பேருக்குத் தங்கள் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை. தங்கள் உடம்பில் என்ன இருக்கிறது என்பதும் தெரியவில்லை. பொழுது விடிந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களுக்குக் கண்ணாடி ஏது? பச்சை குத்திக்கொள்ளுங்கள் என்றேன். விசா மெடிக்கல் பரிசோதனையில் கேட்பார்கள், அம்மா திட்டும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உங்கள் உடம்பில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்குமே என்றேன். கீழ்பென்னாத்தூர்க்காரன் சேட்டு சிரித்தான். "அப்போ எம் பொண்டாட்டிகிட்ட போயி என் ஒடம்பப் பத்தி விசாரிக்கப் போறியா? போ, போ. தொடப்பம் ரெடியா வெச்சிருப்பா" என்றான்.

போகலாம் என்று தோன்றியது அப்போதுதான். சந்திரா கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் அது.

மறுநாள் காலை அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, சம்பளமும் கிடையாது. விடுமுறையில் பதினாறு நாள் பாக்கி இருந்தது. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினேன். கம்பியைப் பிடித்து நிற்க வலது கை மட்டும்தான் ஒத்துழைத்தது.

சேட்டுவின் மனைவி அமுதா தெருவில் வேர்க்கடலையைக் காயப்போட்டு, காலால் கிளறிக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் மடித்துக் கட்டிய புடவையை இறக்கிவிட்டு, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை, நன்றாக இருக்கிறான், நேற்றுகூடப் பேசினேன் என்றேன். அப்புறம் ஏழுமலையின் இரண்டு பெட்டிகளையும் சொன்னேன். நான் கேட்க வந்ததைச் சொல்ல நாக்கு வரவில்லை. நோட்டைப் புரட்டினேன். அது வெள்ளையாக இருந்தது.

அவள் புரிந்துகொண்டாள். வீட்டுக்குள் மாமியார் இருமுகிற சத்தம் கேட்டது. அமுதா குனிந்து, ஒரு பிடி கடலையை எடுத்து, கல்லும் தூசும் பொறுக்க ஆரம்பித்தாள். முகம் சிவந்திருந்தது. பொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், கடலையிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"முதுகுலங்க. இடுப்புக்கு மேல, எடது பக்கமா. ஒரு காசு அளவுக்கு, செம்பட்டையா ஒரு மச்சம். அவருக்கே தெரியாதுங்க."

நான் எழுதிக்கொண்டேன்.